அந்தியில் நின்றுவிடும் கார்

சாமி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "எழுதறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஓசூருக்கும் பெங்களூருக்கும் நடுவில் என்ன தூரம் இருக்கிறது, இதற்குப் போய்க் கடிதமா என்று நீ சிரித்தது காதில் விழுந்தது. சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது. பேச ஆரம்பித்தால் பாதியில் காப்பி கலக்கப் போய்விடுவேன். எழுத உட்கார்ந்தால் அப்படி எழுந்து ஓட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லாமல், தனியாக இருக்கும்போது படி.

ஏதோ ஒரு பழைய பங்களாவின் பின்பக்கக் கொட்டகையில் ஒரு ஹெரால்டு கார் தூசி மூடிக் கிடக்கிறது, நம்முடைய வண்டியைப் போலவே சாம்பல் நிறம், சாவி போட்டதும் கிளம்பிவிட்டது என்றாய். வனிதாவுக்கு இப்போது புதிதாக வந்திருக்கும் சின்னக் கார்களில் ஒன்று வேண்டும், உனக்கு இது வேண்டும், தை மாதக் கல்யாணத்துக்குள் எதை வாங்குவதென்று அம்மா சொல்லட்டும் என்றாய். இந்தக் காலத்தில் போய் எதற்கடா அந்தப் பழைய வண்டி என்று கேட்டேன். "சாயங்காலத்துல அப்பா மேலுமலைல நிறுத்துவாரேம்மா, ரேடியேட்டர் சூடு ஆறட்டும்னு. அந்த மாதிரி ஒரு சந்தோசம் அப்புறம் எனக்கு எதுலயுமே கெடைக்கல" என்றாய்.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்தபோது நீ கைக்குழந்தை. உன் அப்பா அப்போது ஊர் ஊராகப் போய்ப் பம்புசெட் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தார். வாஷர், பேரிங், ஃபுட் வால்வு என்று கோணிப்பையில் கட்டி பஸ் மேலே ஏற்றி, சூளகிரியில் இறங்கி, ராயக்கோட்டையில் ஏறி, அஞ்செட்டிப் பக்கம் போனால் திரும்பி வரப் பஸ் கிடைக்காமல் யார் வீட்டுக் களத்திலாவது படுத்து, மறுநாள் கண் சிவந்து வருவார். கிருஷ்ணகிரியில் வைத்தியத்தை நிறுத்திவிட்டு மகள் வீட்டோடு போகவிருந்த ஒரு வயதான டாக்டர், தன் ஹெரால்டை யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று சொல்ல, இவர் போய் வாங்கிவந்துவிட்டார். வாசலில் நிறுத்தி, என்னைக் கூப்பிட்டு, முன்பக்கம் முழுவதையும் மட்கார்டோடு சேர்த்துத் தூக்கி முன்னால் கவிழ்த்துக் காட்டினார். பெரிய மிருகம் ஒன்று வாயைத் திறந்த மாதிரி இருந்தது. உள்ளே எஞ்சின், பேட்டரி, டயர் எல்லாம் அப்படியே வெட்டவெளியில் தெரிந்தன. "இதுல ஒளிவுமறைவே கெடையாது பாரு. எங்க கோளாறுன்னாலும் நின்னுகிட்டே பாத்துடலாம்" என்றார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். நீ கையை நீட்டி விசிறியைப் பிடிக்கப் போனாய்.

நல்ல வருஷங்கள் அவை. பின்சீட்டைக் கழற்றிவிட்டுச் சாமான் அடுக்கிக்கொண்டு விடிந்ததும் கிளம்புவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீட் திரும்ப மாட்டப்படும், நாம் மூன்று பேரும் காவேரிப்பட்டினத்தில் என் அம்மா வீட்டுக்குப் போவோம். அந்தக் காரில் போவது எப்படி இருக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சத்தம். கண்ணாடியை ஏற்றினாலும் காற்று எங்கிருந்தாவது நுழையும். மாங்காய்க் காலத்தில் கிருஷ்ணகிரி நெருங்கும்போதே தோப்பு வாசனை உள்ளே வந்து மடியில் உட்காரும். தார் மாறினால் காலுக்குக் கீழே தெரியும், பாலம் வந்தால் முதுகுக்குத் தெரியும். புளியமர நிழலும் வெயிலும் மாறி மாறி உன் முகத்தில் விழுந்துகொண்டே வரும், நீ தூங்குவாய். உன் அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தெலுங்கில் ஏதோ பாட்டை வாய்க்குள் முனகுவார். அவர் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம். பாட்டு வந்தாலும் பயம் வந்தாலும் அவருக்குத் தெலுங்குதான் வரும்.

திரும்பி வரும்போதுதான் நீ சொன்ன அந்த நிறுத்தல். மேலுமலை ஏற்றத்தின் பாதியில், சூரியன் பாறைகளுக்குப் பின்னால் இறங்கும் நேரத்துக்கு வண்டி மெதுவாகி ஓரம் கட்டும். "சூடாயிடுச்சு. கொஞ்சம் ஆறட்டும்" என்பார். நாம் உள்ளே இருக்க, அவர் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு முன்னால் போவார். நான் பின்பக்கம் திரும்பிச் சோற்று மூட்டையை எடுத்துக்கொண்டிருப்பேன், தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு வந்து உன்னைத் தூக்கி வண்டியின் கூரை மேல் உட்கார வைப்பார். நான் கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரிப்பேன். அந்தப் பாறைகள் முதலில் செம்மண் நிறத்தில் இருந்து, பிறகு கத்தரிப்பூ நிறமாகி, பிறகு வெறும் இருட்டுக் குவியலாகும். கீழே சமவெளியில் ஒவ்வொரு வீடாக விளக்குப் போடுவார்கள். மலை இறங்கும் லாரிகளின் வெளிச்சம் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து வரும். அந்த நேரத்தில் உன் அப்பா சொல்லும் கதைகளைப் போல வேறெப்போதும் சொன்னதில்லை. இந்தப் பாறைகள் எல்லாம் ராத்திரியில் எழுந்து நடந்து இடம் மாறிக்கொள்ளும் என்பார். எந்தப் பாறை நகர்ந்திருக்கிறது என்று அடுத்த வாரம் நீ தேடுவாய். முழுக்க இருட்டியதும், பின்விளக்கு நன்றாக எரியும் ஒரு லாரி வருகிறதா என்று பார்த்து, அதன் பின்னாலேயே மெதுவாக வண்டியை விடுவார். லாரிக்குப் பின்னால் போனால் எதிர்காற்று இருக்காது, எஞ்சினுக்குச் சிரமம் குறையும் என்று எனக்கு விளக்கம் சொன்னார். நான் நம்பினேன். வண்டியைப் பற்றி அவர் சொன்னால் எதையும் நம்புவேன்.

ஹெரால்டுக்கு அந்தி நேரம் ஆகாது என்று நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துபோனது. கல்யாணம் காட்சிக்குப் போனால், "மச்சான் பொழுதோட கெளம்பிடுவாரு, இல்லன்னா அந்த டப்பா வழியில படுத்துக்கும்" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சமயத்தில்தான் எண்ணூறு என்ற சின்னக் கார் வந்தது. அதுவரை கார் என்றால் பெரியவர்களும் பணக்காரர்களும் ஏறும் இரும்புப் பெட்டி. இது என்னவென்றால், பொம்மை மாதிரி நம் வாசல் முன்னால் வந்து நின்றுகொண்டு, பெண்பிள்ளைகூட ஓட்டலாம் போலிருந்தது. ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். உன் பெரிய மாமாவும் காத்திருந்தார். அவர் முறை வந்தபோது வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். நேராக நம் வீட்டுக்கு வந்து, "மச்சான், எனக்கு இப்ப வேணாம், நீங்க எடுத்துக்கோங்க. அலையறது நீங்கதான்" என்றார்.

உன் அப்பா யோசிக்கக்கூட இல்லை. "வேண்டாம் மச்சான்" என்றார்.

"அட, ஏன்? ஒரே திருப்புல ஸ்டார்ட் ஆகுது. சூடே ஆகறதில்ல. மேலுமலைய மூச்சு வாங்காம ஏறுது. நானே எங்க மேனேஜர் வண்டில போய்ப் பாத்தேன்."

"தகரம் மச்சான் அது. லாரிக்காரன் தும்முனா பறந்துடும். ரிப்பேர்னா யாரு பாப்பா? இதுன்னா நானே ஒரு கம்பி, ஒரு குறடு இருந்தா சரி பண்ணிடுவேன். என் சாமான் அதுல எங்க ஏறும்?"

அவர் சொன்னதில் எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஹெரால்டின் கதவை மூடினால் கதவு மூடிய மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதன் ஒவ்வொரு உறுப்பும் அவர் கைக்குத் தெரியும். ஆனால் மாமா போன பிறகும் நாள்கணக்கில் அவர் அந்தப் புது வண்டியைத் திட்டிக்கொண்டே இருந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. பிடிக்காத பொருளை யாரும் அத்தனை தரம் நினைக்க மாட்டார்கள். "ஏங்க, வாரா வாரம் வழியில நிக்கறோம், புள்ளைய வெச்சுகிட்டு. ஒருநாள் பாத்தா என்ன?" என்று கேட்டேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். சாப்பாட்டுத் தட்டை அவர் நகர்த்தி நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காவேரிப்பட்டினத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வழக்கமான இடத்தில் வண்டி நின்றது. அவர் கேனோடு இறங்கிப் போனார். நீ சன்னல் வழியாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாய், ஒரு செருப்பு நழுவி ரோட்டோரம் விழுந்தது. எடுக்கலாம் என்று நான் இறங்கினேன். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வண்டிக்கு முன்னால் பார்த்தேன். பானெட் திறக்கவே இல்லை. உன் அப்பா முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, கேனைச் சாய்த்து, தண்ணீரை மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தார். நமக்குக் கேட்கட்டும் என்று நிதானமாக, சத்தம் வரும்படி ஊற்றினார்.

நான் அப்படியே நின்றேன். ஊற்றி முடித்து நிமிர்ந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் கை நீட்டினால் தொடும் தூரம்தான் இருந்தது. என் முகத்துக்கு நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, மேற்கே வெளுப்பு மிச்சமிருந்த பக்கம் திரும்பி, தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, சாமி. நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியவில்லை.

"ஏங்க" என்றேன். கேன் கையிலிருந்து விழுந்தது.

"எப்ப எறங்கின?"

"பானெட்டையே தூக்கலியே நீங்க."

ஒரு லாரி போனது, அதன் வெளிச்சத்தில் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு தெலுங்கில் சொன்னார். "நாக்கு கனபடலேது." எனக்குக் கண் தெரியவில்லை. இதை முதல்தரம் வாய்விட்டுச் சொல்கிறார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

வண்டியை அங்கேயே ஒரு டீக்கடை வாசலில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். நீ என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாய். பஸ் இரைச்சலுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சில வருஷமாகவே பொழுது சாய்ந்தால் ரோடு கரைந்துபோகிறது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும், அதைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்துவிடுவார். வண்டி மேல் பழி போட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. "புது வண்டி நிக்காதுன்னு உங்கண்ணன் சொன்னாரு பாரு. நிக்காத வண்டிய வெச்சுகிட்டு நான் என்னான்னு சொல்லி நிறுத்தறது?" என்றார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு சிவப்புப் பொட்டை நம்பி எங்களை இத்தனை வருஷம் மலை ஏற்றி இறக்கினீர்களா என்று கேட்க வாய் திறந்தேன். அவர் கை என் கையைத் தேடித் தடவி, சீட்டின் கம்பியைப் பிடித்து, பிறகு என் விரலைக் கண்டுபிடித்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு வண்டியை எடுக்கப் போனேன். அவர் பானெட்டைக் கவிழ்த்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தானே கீது? தண்ணி ரொம்பி நிக்குது. ஒரு கோளாறும் இல்லியே" என்றார். அந்த வண்டிக்கு ஒருநாளும் கோளாறு இருந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அண்ணா, அந்த எண்ணூறு நாங்களே எடுத்துக்கறோம்" என்றேன்.

"மச்சான் ஒத்துக்கிட்டாரா?"

"ஓட்டப்போறது நான்."

உன் மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவரிடம் அன்றைக்கு அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

பெங்களூரில் கண் டாக்டரிடம் போனோம். இருட்டறையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். விழித்திரை ஓரங்களிலிருந்து கெட்டுக்கொண்டே வருகிறது, முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டில் தெரியாது, கடைசியில் நடுவில் சாவித்துவாரம் அளவுக்குத்தான் மிஞ்சும், இதற்கு மருந்தில்லை என்றார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். உன் அப்பா தன் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார். அந்தி சாய்ந்தால் வாசற்படி தாண்டமாட்டாராம் அந்த மனுஷன். பேய்க்குப் பயந்த பயல் என்று ஊரே சிரிக்குமாம். இவரும் சின்ன வயதில் சேர்ந்து சிரித்திருக்கிறாராம். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, "எங்க சித்தப்பன் பேயப் பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதார்.

எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். தொழிற்பேட்டையில் இன்னும் கட்டடம் எழும்பாத மனைகள் அப்போது நிறைய இருந்தன. தைல மரங்களுக்கு நடுவில் ரோடு மட்டும் போட்டு வைத்திருப்பார்கள், ஆள் நடமாட்டம் இருக்காது. காலையில் உன்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஹெரால்டை எடுத்துக்கொண்டு போவோம். நான் புடவையை முழங்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் அவர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டே, "எஞ்சின் அழுவுது, கியரை மாத்து" என்பார். "கிளச்சை உடு, மெதுவா, இன்னும் மெதுவா, இப்ப கால எடு." அந்தப் பழைய வண்டியில் கற்றுக்கொண்டது எனக்கு நல்லதாகப் போயிற்று. தப்புச் செய்தால் உடனே குலுக்கிச் சொல்லிவிடும், நன்றாக ஓட்டினால் அமைதியாகிவிடும். வண்டி எனக்குள் வந்து உட்கார்ந்த ஒரு காலை உண்டு. மூன்றாவது கியரில் தைல மரங்கள் இருபக்கமும் நழுவிக்கொண்டே இருந்தன, ரோடு முடியக் கூடாது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். "இப்பதான் நீ ஓட்டற. இவ்ளோ நேரம் அதுதான் உன்ன ஓட்டிச்சு" என்றார்.

அப்புறம் ஏன் ஹெரால்டை விற்றோம் என்று கேட்பாய். எனக்கும் அதன் மேல் ஆசைதான். ஆனால் அஞ்செட்டிக் காட்டு ரோட்டில், பக்கத்தில் பார்வை மங்கிய மனிதரும் பின்னால் சாமானுமாகப் போகிறவளுக்கு, கம்பியும் குறடும் வைத்துச் சரிசெய்யும் வண்டி உதவாது. திருப்பினால் கிளம்ப வேண்டும், மிதித்தால் நிற்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. எண்ணூறு அதைச் செய்தது. ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்காரர் ஒருவர் ஹெரால்டை எடுத்துப்போக வந்தார். நம் சொந்தக்காரர்கள் மூலமாக அவருக்கும் கதை எட்டியிருந்தது. "அண்ணா, சாயங்காலத்துல நின்னுடும்னு சொல்றாங்களே?" என்று கேட்டார். உன் அப்பா வண்டியின் கூரை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "அது ஒருநாளும் நின்னதில்லப்பா. நான்தான் நிறுத்துவேன். எனக்குச் சாயங்காலத்துல கண்ணு தெரியாது." வாசலில் உன் மாமா, அத்தை, பக்கத்து வீட்டார் எல்லோரும் நின்றிருந்தார்கள். அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. நீ அப்போது பள்ளியில் இருந்தாய், வண்டி பழசாகிவிட்டது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம்.

புது வண்டியில் முதல் சில வாரம் அவர் தவித்துப்போனார். அதில் சத்தம் இல்லை. ரோடு எங்கே இருக்கிறது, பாலம் போய்விட்டதா என்று எதுவும் அவருக்குத் தெரியவில்லை. "பொட்டிக்குள்ள போட்டு மூடுன மாதிரி இருக்குது" என்றார். அதனால் மழையோ வெயிலோ கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினேன். சூளகிரிப் பக்கம் கொத்தமல்லி வாசனை வந்தால், "பழனப்பா தோட்டமா? நிறுத்து, அவனுக்கு பேரிங் குடுக்கணும்" என்பார். முதல்முறை நான் ஓட்டிக்கொண்டு போய் இறங்கியபோது அந்தப் பழனப்பா வரப்பிலேயே நின்றுவிட்டான். "ஏமண்ணா, அம்மகாரே டிரைவரா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டான். "டிரைவர் இல்லடா, முதலாளி" என்றார் உன் அப்பா. கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்து விவசாயிகள் எனக்கும் சேர்த்து இளநீர் வெட்ட ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் காவேரிப்பட்டினத்திலிருந்து திரும்பும்போது அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. நீ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் இருந்துவிட்டாய். மேலுமலை ஏற்றத்தில் எண்ணூறு மூச்சு வாங்காமல் ஏறியது. நான் விளக்கைப் போட்டேன். பழைய இடத்தைத் தாண்டும்போது, "நிறுத்தேன்" என்றார். "எதுக்குங்க?" என்றேன். "சும்மா." ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைத்ததும் மலை முழுவதும் காதுக்குள் வந்தது. பூச்சிகளின் சத்தம், தூரத்தில் ஒரு மாட்டின் மணி, இறங்கும் லாரியின் பிரேக். "என்னா தெரியுது, சொல்லு" என்றார். சொன்னேன். பாறை கத்தரிப்பூ நிறமாயிடுச்சு. கீழ ஒரு வீட்ல விளக்குப் போட்டுட்டாங்க. இப்ப இன்னொண்ணு. வானத்துல ஒரு பக்கம் மட்டும் இன்னும் வெளிச்சம். அவர் தலையை சீட்டில் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த இடத்தில் பயமில்லாமல் அவர் உட்கார்ந்திருந்த முதல் அந்தி அது. நாங்கள் இன்றைக்கும் நிறுத்துகிறோம், சாமி. நீ நினைத்த சந்தோஷம் பொய்யில்லை. உனக்குக் கதை சொன்ன அந்த நேரமெல்லாம் அவர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டு, ஒரு நல்ல லாரி வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தார் என்பதும் பொய்யில்லை.

இனிமேல்தான் நான் எழுத வந்தது. அதே போனில் நீ இன்னொன்றும் சொன்னாய். அந்த ஹெரால்டைச் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன், ரோடே சரியாகத் தெரியவில்லை, ஹெட்லைட் மங்கல், வாங்கினால் முதல் வேலையாக அதை மாற்ற வேண்டும் என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். முன்பெல்லாம் சனிக்கிழமை வேலை முடிந்ததும் பைக்கில் இருட்டோடு வந்து கதவைத் தட்டுவாய். இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, பொழுதோடு திரும்பிவிடுகிறாய். ட்ராஃபிக் என்கிறாய், ஓவர்டைம் என்கிறாய், கல்யாண வேலை என்கிறாய். எல்லாம் உண்மையாக இருக்கலாம். இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். நீ பள்ளி முடித்தபோது கண்ணாடி தேவையா பார்க்கலாம் என்று சொல்லி உன்னைக் கூட்டிப்போனோமே, அது கண்ணாடிக்காக இல்லை. அன்றைக்கு உன் கண் நன்றாக இருந்தது. ஆனால் இது பரம்பரையாக வரலாம், வராமலும் போகலாம், வந்தால் எந்த வயதிலும் தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்லபடியாக இருக்கும் பிள்ளையின் தலையில் அந்தப் பயத்தை எதற்கு ஏற்றுவது என்று இத்தனை நாள் விட்டுவிட்டோம்.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வானொலியை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "அவன ரொம்ப பயமுறுத்தாத. ஹெரால்டு ஹெட்லைட்டு மங்கல்தான், அது நெசம். அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். கொஞ்சம் பொறுத்து, "ஆனா பாத்துடச் சொல்லு" என்றார்.

கார் விஷயத்துக்கு வருகிறேன், அதைத்தானே கேட்டாய். கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றால் எதை வேண்டுமானாலும் வாங்கு. பழைய வண்டி என்றால் உன் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு எழுதி வைத்துவிட வேண்டும், கையெல்லாம் கிரீஸ் ஆகும், ஆனால் போகும் வழி முழுவதும் உனக்குக் கிடைக்கும். புதியது என்றால் போகும் இடம் நிச்சயமாகக் கிடைக்கும், வழியை நீயாகத்தான் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தேடிக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள். பழைய வண்டி வழியில் நின்றால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். மறைக்க ஏதாவது இருக்கிறவனுக்கு அந்த வசதி நல்லதில்லை.

வனிதாவிடம் சொல்லிவிடு. டாக்டர் என்ன சொன்னாலும், கல்யாணத்துக்கு முன்னால், நீயே உன் வாயால் சொல். என்னிடம் சொல்லாமல் இருந்ததற்காக உன் அப்பா மேல் எனக்கு இன்று வருத்தமில்லை. எனக்குப் பொறுக்காதது வேறு. பக்கத்து சீட்டில் நான் இருக்கும்போதே, அத்தனை வருஷம் அந்த மனிதர் தனியாகப் பயந்திருக்கிறார். புளிச்சோற்றைப் பிரித்துக்கொண்டு, நான் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு தனிமை உனக்கு வேண்டாம். அந்தப் பெண்ணுக்கும் வேண்டாம்.

சனிக்கிழமை காலையில் நானும் அப்பாவும் வருகிறோம். நான்தான் ஓட்டி வருவேன். பழைய டாக்டர் இப்போது இல்லையாம், அவர் மகன் பார்க்கிறாராம், நேரம் கேட்டு வாங்கிவிட்டேன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, குளித்துச் சாப்பிட்டுவிட்டு உன் ரூம் வாசலில் நில். வனிதாவுக்கு வர இஷ்டமிருந்தால் கூட்டி வா, பின்சீட்டில் இடமிருக்கிறது. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று நீ சொன்னதே இல்லை. கேட்டு வை. தெரியாவிட்டால் ஒன்றும் குறையில்லை, தொழிற்பேட்டையில் இன்னும் காலி மனை இருக்கிறது, நான் கற்றுக்கொடுக்கிறேன்.

அம்மா